முப்பது மீற்றருக்குள் ஒரு செபமாலை

1

என் மனைவி புஷ்பம் காலமாகி ஓராண்டு நிறைவுறும் வாரத்தின் திங்கட்கிழமை, மத்திய அரசின் அலைவரிசைக் கண்காணிப்புப் பிரிவிலிருந்து ஒரு பெண்மணி தொலைபேசியில் அழைத்தார். வீட்டில் வானொலி ஒலிபரப்பி ஏதேனும் வைத்திருக்கிறேனா என்று பிரெஞ்சில் கேட்டார். வைத்திருக்கிறேன் என்றேன். எவ்வளவு காலமாக என்றார். ஏறக்குறைய ஒரு வருடமாக என்றேன். மறுமுனையில் விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது.

என் பிரெஞ்சு இலக்கணப் புத்தகத்திலிருந்து கற்றது. வினைச்சொற்கள் யாவும் சரியாக இருக்கும். அதனாலேயே இந்நகரத்துக் கடைக்காரர்கள் என் இரண்டாவது வாக்கியத்தில் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். இந்தப் பெண்மணி மாறவில்லை. நான் சொன்ன ஒவ்வொன்றையும் இறுதிவரை கேட்டுப் பதிவு செய்தார். அந்தப் பொறுமைதான் என்னைக் கலங்கச் செய்தது.

"முறைப்பாடு ஏதும் வந்திருக்கிறதா, மதாம்?"

"ஆம், முசியூ. இரண்டு விடயங்கள். வியாழன் மாலை, நீங்கள் வழமையாக ஒலிபரப்பும் நேரத்தில் வருகிறேன். அதுவரை கருவியில் எதையும் மாற்ற வேண்டாம். வழமைபோல ஒலிபரப்புங்கள்."

புஷ்பத்தின் ஆண்டு நினைவு சனிக்கிழமை. காலையில் கோவிலில் திருப்பலி. மாலையில் எங்கள் கட்டடத்தில் செபமாலை. அந்தச் செபமாலை இந்தக் கருவி வழியாகத்தான் நடக்க வேண்டியிருந்தது. வேறு வழி இருக்கவில்லை. வியாழக்கிழமை கருவியை மூடச் சொன்னால், சனிக்கிழமை அவளுக்காகச் சொல்லப்பட வேண்டிய செபம் இல்லாமற் போகும்.

இரண்டாவது விடயம் என்னவாக இருக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. முதலாவதும் விளங்கவில்லை.

2

தனியொருவர் தன் வீட்டிலிருந்து வானொலி ஒலிபரப்புவதற்குச் சட்டம் இடம் கொடுக்குமா என்று ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள் கேட்கக்கூடும். இங்கே கொடுக்கிறது. கருவி அங்கீகாரச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். அதிலிருந்து முப்பது மீற்றர் தூரத்தில் அலையின் வலு குறித்த ஓர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஏனைய வானொலி நிலையங்களைக் குழப்பக் கூடாது. இவ்வளவும் சரியாயின் உரிமம் எடுக்கத் தேவையில்லை.

நான் அதை வாங்கியதற்குக் காரணம் சப்பாத்துகள்.

எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள்வரை மாலைதோறும் அந்த வீட்டில் செபமாலை சொல்வது வழக்கம். இந்நகரத்தின் நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில் நாங்கள் வசிப்பது பழைய செங்கற் கட்டடம். மூன்று மாடி, மின்தூக்கி கிடையாது. அதில் தமிழ்க் குடும்பங்கள் ஏழெட்டு இருந்தன. எல்லாரும் வந்தார்கள். பனிக்காலம். எவரும் பூட்ஸோடு வீட்டுக்குள் நுழைவதில்லை. ஆகவே என் கதவிலிருந்து படிக்கட்டுவரை ஈரப் பூட்ஸ்கள் இரண்டு வரிசையில் நின்றன. கட்டடத்தைப் பராமரிக்கும் கொன்சியேர்ஜ் ஒருநாள் அவற்றினிடையே நின்று, "முசியூ, உங்கள் துக்கத்தை மதிக்கிறேன். ஆனால் நெருப்புப் பிடித்தால் மக்கள் எப்படி ஓடுவது?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். இரண்டாம் முறை உரிமையாளரின் எச்சரிக்கையோடு வந்தார்: கூட்டம் கூடுவதானால் வேறிடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முப்பத்தோராம் நாளோடு நிறுத்திவிடலாம் என்றேன். முதலாம் மாடியில் வசிக்கும் திரேசம்மா ஒப்பவில்லை. அவர் மன்னாரைச் சேர்ந்தவர், புஷ்பத்தின் சிநேகிதி, முழங்கால் வருத்தத்தோடு என் மூன்றாம் மாடிக்கு ஒருநாளும் தவறாமல் ஏறி வந்து செபத்தை முன்னின்று சொன்னவர்.

"ஆண்டு வரைக்கும் சொல்லுவம், மாஸ்ரர். நான் போயிருந்தா புஷ்பம் எனக்குச் சொல்லியிருப்பா."

"எங்க வைச்சுச் சொல்லுறது, திரேசம்மா? பூட்ஸ் வைக்க இடமில்லை எண்டுதானே பிரச்சினை."

"நீங்கள் படிச்ச மனுசன். பூட்ஸ் இல்லாமல் வாறதுக்கு ஒரு வழி கண்டுபிடியுங்கோ."

யாழ்ப்பாணத்தில் நான் பௌதிகவியல் கற்பித்தவன். வானலைகளுக்குப் பூட்ஸ் தேவையில்லை என்பது எனக்கு அன்று மாலையே தோன்றியது.

இவ்வகைக் கருவிகளைத் திறப்பவர்கள் பெரும்பாலும் தூரத்தைக் கூட்டுவதற்காகத் திறக்கிறார்கள். நான் குறைப்பதற்காகத் திறந்தேன். அதன் அன்ரனாவைக் கழற்றிவிட்டுக் குட்டையான கம்பி ஒன்றைப் பொருத்தினேன். வலுவை உறிஞ்சும் தடைகள் இரண்டை இடையில் சேர்த்தேன். வானொலி நிலையம் எதுவும் இல்லாத ஓர் இடத்தை அலைவரிசையின் கீழ்ப்பகுதியில் தேடிக் கண்டு, உள்ளே இருக்கும் சிறு திருகைப் பிளாஸ்ரிக் திருப்புளியால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பி அங்கே நிறுத்தினேன். இரும்புத் திருப்புளி அருகே போனாலே அலை விலகிவிடும். கை கிட்ட இருந்தாலும் விலகும். திருப்ப வேண்டும், கையை எடுக்க வேண்டும், கேட்க வேண்டும், மறுபடி திருப்ப வேண்டும். எங்கள் கட்டடத்துச் சுவரோடு அந்த அலை முடிந்துவிட வேண்டும் என்பதே என் எண்ணம். துக்கம் தெருவுக்குப் போக வேண்டிய பொருளல்ல.

"நாலு வீட்டுக்குக் கேக்கிற ரேடியோவுக்கு இவ்வளவு ஆராய்ச்சியோ?" என்றார் திரேசம்மா.

3

செபமாலையை ஒலிபரப்புவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அது ஒருவர் சொல்ல மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் செபமன்று. முன்னிற்பவர் முன்பாதியைச் சொல்வார். கூடியிருப்போர் பின்பாதியைச் சொல்வார்கள். வானொலியில் பின்பாதி முன்னிற்பவருக்குக் கேட்காது. ஆகவே ஒவ்வொரு முன்பாதிக்கும் பிறகு, வீடுகளில் இருப்பவர்கள் பதில் சொல்லி முடிக்கும் அளவுக்கு மௌனம் விட வேண்டும்.

திரேசம்மாவின் முழங்காலை உத்தேசித்து அவர் குரலை ஒலிநாடாக்களில் பதிந்துகொண்டேன். பதியும்போது அவர் முன்பாதியைச் சொல்லிவிட்டு, உதடு அசையாமல் பின்பாதியை மனதுக்குள் சொல்லி, பிறகு அடுத்ததைத் தொடங்கினார். அதன்பின் அவரும் தம் வீட்டில் இருந்தபடியே கேட்கலானார்.

"என்ர குரலுக்கு நானே பதில் சொல்லுறன், மாஸ்ரர், விசரி மாதிரி. வயதுபோன காலத்தில உங்களால எனக்கு இந்தக் கூத்து."

ஒலிநாடாக் கருவியைக் கம்பி வழியே நேராக இணைத்தபோது மின்சாரத்தின் ரீங்காரம் கேட்பதாகக் கீழ் வீடுகளிலிருந்து சொன்னார்கள். ஆகையால் அதன் ஒலிபெருக்கிக்கு முன்னால் ஓர் ஒலிவாங்கியை வைத்தேன். திரேசம்மாவின் குரல் மெலிந்தது; சில இடங்களில் எழும், சில இடங்களில் தேயும். அதற்காகக் கருவிக்குள் இன்னொரு திருத்தமும் செய்தேன்: குரல் தாழ்ந்தால் தானாகவே ஒலியைக் கூட்டி, உயர்ந்தால் குறைக்கும் சிறு மின்சுற்று ஒன்று. அது நன்றாக வேலை செய்வதாக எல்லாரும் சொன்னார்கள். என் ஒலிபரப்பை நான் கேட்டதில்லை. ஒலிவாங்கி இருக்கும் அறையில் வானொலியையும் வைத்தால் ஊளையிடும். அளவுமானியின் ஊசியை மட்டும் அவ்வப்போது பார்ப்பேன்.

மாலையில் நாடாவை ஓட விட்டுச் சுவரோரம் நாற்காலியில் அமர்வேன். இடைவெளிகளில் பின்பாதியை மெல்லச் சொல்வேன். முன்பு நான் முன்பாதி சொல்ல, புஷ்பம் பின்பாதியைச் சொல்வாள். சில நாட்களில் செபத்தைச் சொல்லாமல் வேறு ஏதாவது சொன்னேன். அறையில் ஒருவரும் இருக்கவில்லை.

அவ்வருடம் இந்தக் கட்டடத்து மனிதர்கள் என்னிடம் காட்டிய பரிவை இங்கே சொல்ல வேண்டும். எனக்குச் சோறு சரிவராத நாட்களின் மறுநாள், துணியால் மூடிய ஒரு பாத்திரம் கதவுப்பிடியில் தொங்கும். தேங்காய்ப்பால் சொதியும் இருக்கும். ஒருமுறை இரண்டாம் மாடி ரமேஷ், சென்னையிலிருந்து வந்து கணினி நிறுவனமொன்றில் வேலை செய்பவர், கையில் குறடோடு வந்து நின்றார்.

"சார், உங்க கிச்சன் டேப் ஒழுகுதுல்ல? வாஷர் கொண்டாந்திருக்கேன்."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். பழைய பில்டிங்... எல்லா வீட்டுலயும் ஒழுகும்." அவர் என் முகத்தைப் பாராமல் நேரே சமையலறைக்குப் போனார். அவருடைய வீட்டில் குழாய் ஒழுகியதாக நான் அறியேன்.

நல்ல அயலவர் என்று எண்ணிக்கொண்டேன். அதற்குமேல் ஆராயவில்லை.

4

செவ்வாய்க்கிழமை என் மகள் நிர்மலா வந்தாள். அவள் நகருக்கு வடக்கே லவாலில் வசிக்கிறாள். மருத்துவமனை ஒன்றின் அலுவலகத்தில் வேலை. என்னோடு தமிழில் பேசுவாள், எண்ணும்போது பிரெஞ்சில் எண்ணுவாள், கோபம் வந்தால் இரண்டும் வரும். பரிசோதகர் வருவதைச் சொன்னதும் மேலங்கியைக் கழற்றாமலே கதிரையில் இருந்தாள்.

"அப்பா, உங்களுக்கு விளங்குதோ? நாட்டில திரும்பச் சண்டை துவங்கியிருக்கு. இஞ்ச எங்கட பேரைக் கேட்டாலே ஒரு மாதிரிப் பாக்கினம். இந்த நேரத்தில தமிழன்ர வீட்டில ட்ரான்ஸ்மிற்றர். பேப்பரில போட்டா எப்பிடி இருக்கும்?"

"சட்டத்துக்கு உட்பட்டுத்தான் வைச்சிருக்கிறன்."

"அங்கயும் சட்டத்துக்கு உட்பட்டுத்தானே வைச்சிருந்தனீங்கள்!"

அவள் எதைச் சொல்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அவள் சிறுமியாக இருந்தபோது ஒரு காலை எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்து இராணுவம் வீடு வீடாகத் தேடியது. கல்லூரி ஆய்வுகூடத்துக்காக நான் பென்சிலில் சுற்றிய செப்புச் சுருள் ஒன்று மேசையில் கிடந்தது. ஒரு சிப்பாய் அதை எடுத்து இரண்டு விரல்களுக்கிடையில் பிடித்தான். வானொலி சம்பந்தமான ஒரு துண்டுக் கம்பிக்காக ஆட்களைக் கொண்டுபோன காலம். நான் வாய் திறக்குமுன் புஷ்பம், "பிள்ளையின்ர விளையாட்டுக் காரில இருந்து கழண்டது," என்றாள். அவன் நிர்மலாவின் பக்கம் திரும்பி, காரைக் கொண்டு வரும்படி சைகை காட்டினான். வீட்டில் அப்படி ஒரு கார் இல்லை. குழந்தை அவனை நேரே பார்த்து, "கார் உடைஞ்சு போச்சு. அம்மா எறிஞ்சிட்டா," என்றாள். அவன் சுருளை மேசையில் வைத்துவிட்டுப் போனான். புஷ்பம் சுருளை எடுத்து அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்தாள்.

"சனிக்கிழமைவரைக்கும் பொறு," என்றேன். "ஆண்டு முடியட்டும்."

"ஆண்டு, ஆண்டு எண்டுறியள். அம்மா செத்து ஒரு வருசமாச்சு. ஒரு நாள் அவவைப் பற்றி என்னோட கதைச்சிருக்கிறியளோ? செத்தவீட்டிலயும் அழேல்லை. வந்த ஆக்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டனீங்கள். நான் போன் எடுத்தா, சுகமோ, சுகம், வைக்கிறன். மிச்ச நேரமெல்லாம் இந்தப் பெட்டியைத் திருத்திக்கொண்டு இருக்கிறியள். நீங்கள் கல்லு, அப்பா."

வியாழன் மாலை தானும் இருக்கப்போவதாகவும், என் பிரெஞ்சை நம்ப முடியாது என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன பின்பு கருவி இருந்த தட்டில் கையை வைத்தேன். சூடாக இருந்தது. முதலாவது விடயம் அக்கணமே விளங்கியது. சென்ற பனிக்காலத்தில் கருவி மேசையில் இருந்தது. கோடையில் அதை, வீட்டைச் சூடாக்கும் ரேடியேற்றருக்கு மேலேயுள்ள தட்டுக்கு மாற்றியிருந்தேன். கோடையில் ரேடியேற்றர் வெறும் இரும்பு. மாற்றிய அன்று பிற்பகல் வெப்பத்தில் திருகைச் சரிசெய்தேன், மாலையில் குளிரும் என்ற கணக்கில். எங்கள் ஊரில் மாலை குளிரும். இங்கே பனிக்காலத்தில் மாலையானால் ரேடியேற்றர் கொதிக்கத் தொடங்கும். சுருள் சூடேறி, அலை மெல்ல நகர்ந்து, பக்கத்து நிலையத்தின்மேல் ஏறியிருக்கிறது. இத்தனை வருடம் இந்நாட்டில் வாழ்ந்தும் என் கை, ஊரின் பொழுதைக் கொண்டே கணக்குப் பார்த்திருக்கிறது.

கருவியைத் தூக்கி மேசையில் வைத்தால் போதும், தவறு மறைந்துவிடும். கையை அதன்மேல் வைத்தபடி சிறிது நேரம் நின்றேன். எதையும் மாற்ற வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தார். கையை எடுத்துவிட்டேன்.

5

அந்தப் பெண்மணி ஐம்பது வயது கடந்தவர். கீழே தெருவில் வாகனத்திலிருந்து அளந்துவிட்டு, செபமாலை முடிந்தபின் மேலே வந்தார். யாரும் சொல்லாமலே பூட்ஸைக் கழற்றி மிதியடிமேல் சேர்த்து வைத்தார். நிர்மலா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"அலையின் வலு எல்லைக்கு மிகவும் கீழே இருக்கிறது," என்றார். "அதில் குறை இல்லை. ஆனால் மாலையில் அலை நகர்கிறது. பின்வீதியில் வசிக்கும் ஒருவர் கேட்கும் இசை நிகழ்ச்சிக்குள் நுழைகிறது. ஏன்?"

"ரேடியேற்றர்," என்றேன். விளக்கினேன். "செவ்வாய்க்கிழமையே கண்டுபிடித்துவிட்டேன். எதையும் மாற்ற வேண்டாம் என்றீர்கள். மாற்றவில்லை."

அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு குரல் மாறாமல் சொன்னார்:

"இரண்டாவது விடயம். நீங்கள் ஒலிபரப்புவது ஒரு பெண்ணின் செபம், ஓர் ஒலிநாடா, அவ்வளவுதான் என்று தொலைபேசியில் சொன்னீர்கள்."

"அவ்வளவுதான்."

"முறைப்பாடு செய்தவர் இரண்டு குரல்கள் என்கிறார். நேற்று மாலை நானும் கேட்டேன். அந்தப் பெண் நிறுத்தும் இடங்களில் ஓர் ஆண் பேசுகிறார். பெண்ணின் வார்த்தைகள் திரும்பத் திரும்ப ஒன்றே. ஆணுடையவை ஒவ்வொரு முறையும் வேறு. அவர் யார்? யாரோடு பேசுகிறார்?"

ரேடியேற்றர் குழாயில் நீர் தட்டும் ஓசை கேட்டது. நிர்மலா குனிந்து தமிழில் கேட்டாள்.

"ஆரப்பா அது? ஆருக்கும் மைக்கைக் குடுத்தனீங்களோ? உண்மையைச் சொல்லுங்கோ."

"ஒருத்தருக்கும் குடுக்கேல்லை."

"நேற்று பதிவு செய்தேன்," என்று அந்தப் பெண்மணி சிறு கருவியொன்றை மேசையில் வைத்து அழுத்தினார்.

திரேசம்மாவின் குரல் முன்பாதியைச் சொல்லி நின்றது. உடனே ஓர் இரைச்சல் எழுந்தது. அறையின் காற்றே மூச்சை உள்ளிழுப்பதுபோலத் தாழ்விலிருந்து மேலேறியது. குரல் வருமுன் எனக்கு விளங்கிவிட்டது. தாழ்ந்த ஒலியைக் கூட்டும்படி நானே சேர்த்த மின்சுற்று, நாடா மௌனமானதும் அறையில் எஞ்சியிருந்த ஒலியைத் தேடிப் பிடித்து உயர்த்தியிருக்கிறது. திரேசம்மாவின் குரலுக்குக் கணக்குப் பார்த்தவன், அவர் விட்ட மௌனத்துக்குப் பார்க்கவில்லை.

"புஷ்பம், கேட்டீரோ? சோறு இண்டைக்கும் அடிப்பிடிச்சுப் போச்சு."

என் குரல். பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதுபோல அவ்வளவு தெளிவாக.

"மொழிபெயர்க்க முடியுமா, மதாம்?" என்று அவர் நிர்மலாவைக் கேட்டார்.

நிர்மலா மொழிபெயர்த்தாள். "'கேட்டாயா, புஷ்பம், இன்றும் சோறு கருகிவிட்டது.'"

"புஷ்பம் என்பது யார்?"

"என் அம்மா."

"இங்கே வசிக்கிறாரா?"

"இல்லை. அவர் இறந்து சனிக்கிழமையோடு ஒரு வருடம்."

அந்தப் பெண்மணியின் விரல் கருவியை நிறுத்தப் போயிற்று. "விடுங்கள்," என்றாள் நிர்மலா. "உங்கள் வேலையை முடியுங்கள். நான் சொல்கிறேன்."

திரேசம்மாவின் குரல். இரைச்சல். பிறகு நான்.

"கையுறை ஒண்டைக் காணேல்லை. நீர் எங்க வைச்சனீரோ தெரியேல்லை. மற்றதை மட்டும் போட்டுக்கொண்டு போய் வாறன்."

நிர்மலா ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்தாள். வழக்காடுமன்றத்து மொழிபெயர்ப்பாளரைப்போல நேராக நின்றாள். நான் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது இடைவெளி வந்தது.

"பிள்ளை நேற்று வந்தவள். நான் கல்லாம். அப்பிடியே நினைக்கட்டும், புஷ்பம். நான் உடைஞ்சா அவளுக்கு ஆர் இருக்கினம்? இஞ்ச உமக்கு முன்னால மட்டும்..."

வாக்கியம் முடியவில்லை. அதன்பிறகு பதிவில் கேட்டது சொல்லன்று. இடைவெளி முடியும்வரை அது கேட்டது. அந்த மின்சுற்று அதையும் உயர்த்திக் கொடுத்திருந்தது.

பரிசோதகர் காத்திருந்தார். "இது?" என்று மெல்லக் கேட்டார்.

நிர்மலா அவரை நேரே பார்த்தாள். அந்தப் பார்வையை நான் முன்பு ஒருமுறை கண்டிருக்கிறேன்.

"அது செபத்தின் ஒரு பகுதி," என்றாள்.

மொழிபெயர்ப்பு பிழையானது. ஆயுள் முழுவதும் மற்றவர்களின் விடைகளைத் திருத்தியவன் நான். அதைத் திருத்தவில்லை.

6

செபத்தைப் பற்றி எழுதத் தம்மிடம் எதுவும் இல்லை என்றார் அந்தப் பெண்மணி. பிறகு கருவியைத் திறக்கச் சொன்னார்.

"தூரத்தைக் கூட்டுவதற்காகத் திருத்தியவர்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், முசியூ. குறைப்பதற்காகத் திருத்தியவரை இன்றுதான் பார்க்கிறேன். ஆனாலும் சட்டத்துக்கு இரண்டும் ஒன்றே. சான்று பெற்ற கருவி இதுவல்ல. இப்போதே நிறுத்த வேண்டும்."

நிறுத்தினேன். சிவப்பு விளக்கு அணைந்தது.

"சனிக்கிழமை..." என்று தொடங்கினாள் நிர்மலா.

"கழற்றிய பாகங்கள் இருக்கின்றனவா?"

இருந்தன. பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்கள் ஓர் ஆணியையும் எறிவதில்லை. பழைய பால்மா ரின் ஒன்றில் எல்லாம் கிடந்தன. அதை அவருக்குத் திறந்து காட்டினேன். எட்டிப் பார்த்துத் தலையசைத்தார். நாளை பிற்பகல் இந்தப் பக்கம் வருவதாகவும், கருவி தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே ரேடியேற்றரிலிருந்து விலகி இருந்தால், அளந்து பார்த்துத் தடை எதுவும் எழுதாமல் போவதாகவும் சொன்னார். வாசலில் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்தார்.

வெள்ளிக்கிழமை நிர்மலா விடுப்பு எடுத்திருந்தாள். நான் ஈயம் உருக்கிக் கழற்ற, அவள் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள். தடைகள் வெளியே வந்தன. குட்டைக் கம்பி போய்ப் பழைய அன்ரனா வந்தது. கடைசியாக அந்தச் சிறு மின்சுற்றைக் கழற்றினேன். அவள் கண்ணாடியை அசைக்காமல் பிடித்திருந்தாள்.

"திரேசம்மா அன்ரிதான் அடிக்கடி எனக்குப் போன் எடுக்கிறவ," என்றாள், கருவியைப் பார்த்தபடியே. "'கொப்பர் உன்னைத் தேடுறார், ஒருக்கா எடுத்துக் கதை பிள்ளை' எண்டு. எப்பிடித் தெரியும் எண்டு கேட்டா, 'ஆகாயத்தில வருது' எண்டுவா. நான் பகிடி எண்டு நினைச்சன்."

கதவுப்பிடியில் தொங்கிய பாத்திரங்கள் நினைவுக்கு வந்தன. ரமேஷின் வாஷர். வியாழன் காலை கொன்சியேர்ஜ், கண்டெடுத்ததாகச் சொல்லி நீட்டிய கையுறை. அது என்னுடையதல்ல, புதியது. நன்றி சொல்லி வாங்கியிருந்தேன். தமிழ் தெரியாத அவருக்கு யாரோ சொல்லித்தான் கொடுத்திருக்க வேண்டும். ஒரு வருடமாக இந்தக் கட்டடம் முழுவதும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. படிக்கட்டில் எதிர்ப்பட்டபோது ஒருவரும் முகத்தில் காட்டவில்லை.

"அம்மாவுக்கு ஒவ்வொரு நாளும் சொல்லுறனீங்களோ?" என்றாள் நிர்மலா.

"அந்த ஈயக் கம்பியை இஞ்ச தா," என்றேன்.

தந்தாள். தந்த கையை எடுக்காமல் என் தோளில் வைத்தாள். நான் வேலையைத் தொடர்ந்தேன். சற்று நேரம் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. "புகை கண்ணில படுது," என்றேன். "ஓம் அப்பா, புகைதான்," என்றாள்.

பிற்பகல் வாகனம் வந்தது. நாங்கள் இருவரும் யன்னலோரம் நின்றோம். நெடுநேரம் அது அசையாமல் நின்றது. அன்ரனா நீண்டதால் வலு எல்லையைத் தாண்டியிருக்குமோ என்ற எண்ணம் எனக்கு. நிர்மலா தன்னை அறியாமல் பிரெஞ்சில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். தொலைபேசி ஒலித்தது.

"எல்லைக்குள் இருக்கிறது, முசியூ. நாளை ஒலிபரப்பலாம்."

சனிக்கிழமை மாலை நாடாவை ஓட விட்டேன். நிர்மலா எனக்கு அருகில் அமர்ந்து பின்பாதியைச் சொன்னாள். சில இடங்களில் தடுமாறினாள். அங்கே நான் சொன்னேன். ஐம்பத்து மூன்று மணிகளும் சொல்லி முடித்துக் கருவியை நிறுத்திய உடனே தொலைபேசி வந்தது. திரேசம்மா.

"மாஸ்ரர், செற் ஏதும் பழுதோ?"

"ஏன், கேக்கேல்லையோ?"

"என்ர குரல் கேக்குது. இடையில ஒண்டுமில்லை. வெறுசாக் கிடக்கு."

"இடையில நீங்கள்தானே சொல்ல வேணும், திரேசம்மா. அதுக்குத்தானே இடைவெளி."

"அது சொன்னனாங்கள். எண்டாலும்... ரமேசின்ர மனுசியும் வந்து கேட்டவ, ரேடியோ செத்துப்போச்சோ எண்டு."

"செற் இப்பதான் சட்டப்படி இருக்கு."

"சட்டம் கிடக்கட்டும்." பிறகு கேட்டார்: "சோறு இண்டைக்கு எப்பிடி?"

இந்த ஓராண்டில் அவர் என்னிடம் அதைக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவை இருந்ததில்லை.

"அடிப்பிடிக்கேல்லை," என்றேன். "பிள்ளை வந்து நிக்கிறாள்."

"அது நல்லது. நாளைக்கும் போடுவியள்தானே?"

"ஆண்டு முடிஞ்சுது, திரேசம்மா."

"புஷ்பத்துக்கு முடிஞ்சுது. எங்களுக்கு முடிஞ்சுது எண்டு ஆர் சொன்னது?" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான் தனியாக இருந்தேன். கருவி மேசையில், ரேடியேற்றருக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. அதைத் திறக்கவில்லை; ஒரு திருகையும் தொடவில்லை. சுவரோரம் கிடந்த என் நாற்காலியைத் தூக்கி ஒலிவாங்கிக்கு அருகில் போட்டேன். நாற்காலியை நகர்த்துவதற்கு எவருடைய சான்றும் தேவையில்லை.

நாடா ஓடத் தொடங்கியது. திரேசம்மா முன்பாதியைச் சொல்லி நிறுத்தினார். நான் சற்றுக் குரலை உயர்த்தினேன்.